புதன்கிழமைத் தகப்பன்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் கூடம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. தறி போட்டிருந்த இடம்தான் கூடம். குழியில் காலை இறக்கி அப்பா உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில், பலகையின் ஓரத்தில், கரைக்கான நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைப் புடவைக்கு நாடா மூன்று வேண்டும், ஆள் இரண்டு வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். வெளியாளை வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே. சுவரோரம் அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். உத்தரத்துத் தூளியில் தம்பி தூங்குவான். தூளியில் கட்டிய கயிற்றின் மறுநுனி அம்மாவின் கால் கட்டைவிரலில் இருக்கும். கை நூலுக்கு, கால் பிள்ளைக்கு, கண் அடுப்புக்கு. இன்றைக்கு யாராவது இதைப் படமெடுத்தால், குடும்பம் என்றால் இதுவல்லவா குடும்பம் என்று பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு நெகிழ நேரமில்லை. இந்தப் புடவை என்றைக்கு அறுத்து இறங்கும், முதலாளி வீட்டில் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழியும் என்பதுதான் எங்கள் நினைப்பு.

இதையெல்லாம் பல வருடங்களாக நான் யோசித்ததில்லை. தறியை விட்டு நான் வாத்தியார் வேலைக்குப் போனேன், என் மகன் பொறியியல் படித்து ஹாலந்துக்குப் போனான். எங்கள் தெருவில் மூன்று தலைமுறை இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. ஐந்தோவன் நகரை ஒட்டிய வெல்டோவன் என்ற ஊரில், சில்லு செய்யும் எந்திரங்களோடு தொடர்புள்ள ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. ஜக்கார்டு தறியின் துளையட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டரே பிறந்தது, ஆகவே நெசவாளன் பேரன் சில்லுக் கம்பெனிக்குப் போனது பொருத்தம்தான் என்று ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் எனக்கு விளக்கினார். இருக்கலாம். அந்தப் பொருத்தத்தால் இங்கே எந்தத் தறிக்காரனுக்கும் கூலி ஏறியதாகத் தெரியவில்லை. சென்ற ஆண்டு ஏப்ரல் தொடங்கி மூன்று மாதம் நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். எங்களை வரவழைத்ததில் பாசம் இருந்தது. மருமகளின் இரண்டாவது பிரசவமும் இருந்தது. பெற்றவர்களே ஆனாலும் அந்த நாட்டுக்கு நாங்கள் பார்வையாளர்கள்தான். 180 நாளில் 90 நாள் இருக்கலாம், அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது.

அந்த வீட்டின் நடுநாயகம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய ஒரு தாள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம், மகனுக்கு நீலம், மருமகளுக்குப் பச்சை. காலையில் பிள்ளையை எழுப்புவது யார், பள்ளியில் விடுவது யார், அழைத்து வருவது யார், சமையல் யார், நீச்சல் வகுப்புக்கு யார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் தீட்டியிருக்கும். ஏழு மணிக்கு ரொட்டியை வெட்டி டப்பாவில் அடைத்து, எட்டேகாலுக்கு மழையோ வெயிலோ சைக்கிளில் கிளம்பி, எட்டரைக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், மாலை ஆறு மணிக்குள் பள்ளிக்குப் பிந்திய காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டும். ஆறு என்றால் ஆறுதான். ஆறரைக்குச் சாப்பாடு, எட்டுக்குள் பிள்ளை தூங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாம்பாரும் பொரியலும் செய்து, தேதி எழுதிய டப்பாக்களில் உறைய வைத்துவிடுவார்கள். அந்த டப்பாக்களைப் பார்த்த அன்று என் மனைவிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. புதன்கிழமை திங்கும் சாம்பாரில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருப்பது அவளுக்கு ஏதோ அபசகுனமாகப் பட்டது. நீச்சல் மட்டும் எனக்குப் பிடித்தது. நாடு முழுக்கக் கால்வாய் என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் நீச்சல் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். உடுத்திய துணியோடும் செருப்போடும் தண்ணீரில் இறங்கி நீந்திக்காட்ட வேண்டும். விழும்போது யாரும் உடை மாற்றிக்கொண்டு விழுவதில்லை என்பதை யோசித்து வைத்த பாடம் அது.

புதன்கிழமை அங்கே பல பள்ளிகளில் பாதி நாள்தான். மகன் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக நான்கு நாளில் முப்பத்தாறு மணி நேரத்தை முடித்துவிட்டு, புதனன்று வேலைக்குப் போவதில்லை. அந்த நாளுக்கு அந்த ஊரில் ஒரு பெயரே உண்டு: பாப்பாதாக். பேரன் முதல்முறை அதைச் சொன்னபோது பாப்பாவுக்கான நாள் என்றுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளையின் நாள், சரியான பெயர்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் மொழியில் பாப்பா என்றால் அப்பா. தகப்பன் நாள். பன்னிரண்டரைக்குப் பள்ளி வாசலுக்கு நானும் கூடப் போவேன். பெட்டி வைத்த நீளமான சைக்கிள்களோடு நிற்பவர்களில் கால்வாசிப் பேர் ஆண்கள். பாதிக்குப் பாதி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எண்ணிப் பார்த்ததில் கால்வாசிதான் தேறியது. அவர்கள் யாரும் அதை ஒரு சாதனையாக நினைத்து நிற்கவில்லை. ரேஷன் கடையில் நிற்பதுபோல, போனைப் பார்த்துக்கொண்டு, லேசான சலிப்போடு நின்றார்கள். அந்தச் சலிப்புதான் என்னை யோசிக்க வைத்தது. முப்பத்தொரு வருடம் நான் ஆசிரியராக இருந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரும் இனிஷியலும் இன்றும் நினைவிருக்கிறது. என் மகனுக்கு என்னென்ன தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது நானும்தான் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

பிரசவம் ஆன மறுநாள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், சைக்கிளில் வந்தாள். தாய்க்கும் சேய்க்கும் உதவியாக ஒரு வாரத்துக்கு மேல் தினமும் சில மணி நேரம் வருவாள், மருத்துவக் காப்பீட்டில் அது அடக்கம் என்றான் மகன். பத்தியப் பொடியும் பூண்டுக் குழம்புக்கு வேண்டியதும் பிள்ளைக்கு உரைமருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு ஐயாயிரம் மைல் வந்திருந்த என் மனைவிக்கு, தன் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்தது மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் இருந்தாள்; உரைமருந்தைக்கூட வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் குழந்தையின் உடல் சூட்டைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று சொன்னபோது வெப்பமானியை அவள் பாட்டியிடம் நீட்டவில்லை, மூலையில் நின்ற தகப்பனிடம் நீட்டினாள். அவன் கை நடுங்கியது. மூன்றாம் நாள் நடுங்கவில்லை. குளிப்பாட்டுவது, தொப்புளைத் துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவனைச் செய்யவைத்து, எதிரில் கைகட்டி நின்று பார்த்தாள். நான் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி எடுத்த காலத்தில் மேற்பார்வை அலுவலர் அப்படித்தான் பின்வரிசையில் நிற்பார். தகப்பன் வேலைக்கும் பயிற்சி தேவைப்படும் என்று யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நம்மிடம் தாய்க்கே அந்தப் பயிற்சி பிறவியில் வந்துவிடுவதாக நம்பிக்கை. தகப்பனுக்குத் தேவையே இல்லை என்பது அதைவிடப் பெரிய நம்பிக்கை.

ஊருக்குத் திரும்பியபின் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பெத்த புள்ளைய பாத்துக்க லீவாம், அதுக்குச் சம்பளமாம் என்று என் சித்தப்பா மகன் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தான். அங்கே கணக்கு இப்படி: மனைவிக்குப் பிரசவமானால் கணவனுக்கு முழுச் சம்பளத்தோடு ஒரு வாரம், 2020 ஜூலை முதல் அதற்குமேல் ஐந்து வாரம், 70 விழுக்காடு ஊதியத்தில். பிள்ளைக்கு எட்டு வயதாவதற்குள் தாய் தகப்பன் இருவருக்கும் தனித்தனியே இருபத்தாறு வாரம் பெற்றோர் விடுப்பு. 2022 ஆகஸ்ட் முதல் அதில் ஒன்பது வாரத்தை முதல் ஆண்டுக்குள் எடுத்தால் 70 விழுக்காடு ஊதியம் உண்டு. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று தொழிலாளி கேட்டால், தக்க காரணமில்லாமல் முதலாளி மறுக்க முடியாது என்று 2000த்திலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அன்பையும் பாசத்தையும் இப்படி வாரக்கணக்கிலும் விழுக்காட்டிலும் பேசுவது நமக்கு அருவருப்பாக இருக்கிறது. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பாசம் கிடையாது, அதனால்தான் சட்டம் போட வேண்டியிருக்கிறது என்ற முடிவுக்கு நாம் சீக்கிரமாக வந்துவிடுகிறோம். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் தோன்றியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பிள்ளையின் பெயரை நீலத்திலும் பச்சையிலும் பங்கிட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் தோன்றாது.

அவர்கள் பிறவியிலேயே அப்படி என்பதும் இல்லை. 1957 ஜனவரி வரை, கல்யாணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது என்றிருந்த நாடுதான் அது. அரசாங்க வேலையில் இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வேலை போய்விடும் என்ற வழக்கமும் அந்த 1950களில்தான் முடிவுக்கு வந்தது. என் வயதை ஒட்டிய மாற்றம்தான். ரத்தத்தில் ஊறியது என்று சொல்ல இடமில்லை. இன்றைக்கும் அங்கே கணக்கு நேராகிவிடவில்லை. வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பான்மையினர் பகுதி நேரம்தான் போகிறார்கள். ஐரோப்பாவிலேயே பகுதி நேர வேலை அதிகமுள்ள நாடு அது. தகப்பன் நாளுக்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் மற்ற நாளெல்லாம் யாருடையவை என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சென்னையில் நாள் முழுக்க வேலை பார்த்த என் மருமகள் அங்கே மூன்று நாள்தான் போகிறாள். மகனுக்குக் குறைந்தது ஒரு நாள், அவளுக்குக் குறைந்தது இரண்டு நாள். பணக்கார நாடுகளின் பிள்ளைகளில் நலமாக இருப்பவர்கள் யார் என்று யுனிசெஃப் 2013லும் 2020லும் வெளியிட்ட அறிக்கைகளில் நெதர்லாந்துதான் முதலிடம். அந்த முதலிடத்தின் செலவில் பெரும்பங்கு தாய்மார்களின் சம்பளத்திலிருந்து போகிறது என்பதை அந்த ஊர்ப் பெண்களே சொல்கிறார்கள். ஆனாலும் ஒன்று உண்டு. கட்டம் போட்டு நிறம் தீட்டிவிட்டால், எந்த நிறம் அதிகம் என்று எண்ணிப் பார்த்துச் சண்டையாவது போடலாம். என் மருமகள் போட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். பிரசவத்துக்குப் பிறகான மாதத்தில் தாளில் நீலம் கூடியிருந்தது.

எங்கள் ஊர் கணக்கு தெரியாத ஊரில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்வார், 48 நாள் இருப்பார்; 1979இல் வந்தார், 2019இல் வந்தார், இனி 2059இல் வருவார். அப்போது 2019இல் பிறந்த என் பேரனுக்கு நாற்பது வயது ஆகியிருக்கும். பெருமாளுக்கும் அம்பாளுக்கும் மத்தியானம் நடை சாத்தி ஓய்வு கொடுத்து, மாலையில்தான் திறக்கிறோம். பாவுக்கு எத்தனை இழை, கரைக்கு எத்தனை அங்குலம், ஜரிகை எத்தனை கிராம், எல்லாவற்றுக்கும் இங்கே கணக்குண்டு. டச்சுக்காரர்களுக்கே இது தெரியும். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தவர்கள், இங்கிருந்து துணி வாங்கிப்போய்க் கிழக்குத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றினார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் விட்டுப்போன கோட்டையும் கல்லறைகளும் 2019இல் செங்கல்பட்டு தனியாகப் பிரியும்வரை எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தன. நீள அகலமும் இழையும் பார்த்துத்தான் அவர்களும் துணி வாங்கினார்கள். துணியை நெய்த வீட்டில் எத்தனை பேர் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று அன்றைக்கு அவர்களும் கேட்கவில்லை, பிறகு வந்த நம்மவர்களும் கேட்கவில்லை.

கூலி புடவைக்கு, நேரத்துக்கு இல்லை. இதில்தான் எல்லாம் இருக்கிறது. புடவைக்குக் கூலி என்றால் விடியற்காலை தெருவில் பாவு நீட்டிப் பிடிப்பதும், தார் சுற்றுவதும், அறுந்த இழையைக் கட்டுவதும், நடுவில் சோறு வடிப்பதும், பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் எல்லாம் அந்த ஒரே கூலிக்குள் கரைந்துவிடும். அப்பாவின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை புடவை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்று நீல மையில் வரிசையாக எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர். அம்மா பெயரோ என் பெயரோ ஒரு பக்கத்திலும் இல்லை. ஒருவர் உழைத்து ஐந்து பேரைக் காப்பாற்றியதாகத்தான் அந்தப் புத்தகம் சொல்லும். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவிலும் அதைச் சார்ந்த வேலையிலும் இருக்கிற சுமார் 35 லட்சம் பேரில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்று வந்தபோது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. ராட்டை சுற்றுவதையும் வேலை என்று எழுதிக்கொண்ட கணக்கு அது. அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. அடுப்பு எரியும், அன்றைக்கு வடை பாயசம் என்று சற்றுக் கூடுதலாகவே எரியும்.

பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பியது இந்த ஊர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை அடுத்த வீட்டுத் தறியில் உட்காரவைத்த காலம் கண்ணெதிரில் இருந்தது; 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. சிறப்புப் பள்ளிகள் வந்தன, அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள், வாத்தியார்களான நாங்களும் அலைந்தோம். பள்ளி முடிந்தபின் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உதவி என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது என் வலக்கை விரல்களைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பிள்ளையை எழுப்பினோமே தவிர, தகப்பனுக்குப் பிள்ளையோடு இருக்க ஒரு மணி நேரத்தை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. தறியில் இருந்தவரை வேலை என்ற பெயரிலாவது இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எங்கள் தெருப் பையன்களில் ஹாலந்துக்குப் போனவன் ஒருவன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் நூறு பேர். இரவு ஷிப்டு முடிந்து விடிந்தபின் வந்து படுக்கிறவன் பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதைப் பார்ப்பதில்லை. பகல் ஷிப்டுக்காரன் வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, பத்து நாளில், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்தப் பத்து நாளும் உற்பத்தி, முதலீடு, தொழிலாளர் உரிமை என்று எல்லாம் பேசப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் போனபின் அந்த வீட்டுப் பிள்ளைக்கு யார் இருப்பார்கள் என்று நான் படித்த பேப்பரில் யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியமில்லை, விடை எல்லாருக்கும் தெரியும், அவள் வீட்டில்தான் இருப்பாள்.

அதற்காக அந்த வெல்டோவன் வீட்டைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பிள்ளையைப் பள்ளியும் ஏற்காது, காப்பகமும் ஏற்காது. டாக்டரம்மா போனிலேயே பாராசிட்டமால் கொடுங்கள், மூன்று நாள் பாருங்கள் என்றாள். தாளில் இருந்த நீலமும் பச்சையும் அன்று எதற்கும் உதவவில்லை. நாங்கள் இருந்ததால் சமாளித்தார்கள். நாங்கள் இல்லாத வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு மருமகள், ஒரு கையால் லேப்டாப், ஒரு கையால் இவன் என்று சிரித்தாள். கை நூலுக்கு, கால் பிள்ளைக்கு. இங்கே என்றால் எதிர்வீட்டு அத்தை வந்து நெற்றியில் விபூதி பூசிவிட்டு, கஞ்சியும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். எங்கள் ஊர்ப் பெருமாளின் வைகாசி கருட சேவையை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து செல்போனில் பார்த்தோம். அடுத்த வருடம் நேரில் பார்க்கலாமே என்றேன். பள்ளி நடக்கும்போது பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போனால் அபராதம் போடுவார்கள் அப்பா என்றான் மகன். தீபாவளிக்கு ஒரு நாள் கேட்டால் கிடைக்கும், திருவிழாவுக்கு ஊர்ப் பயணம் என்றால் கிடைக்காது. பிள்ளை தாய் தகப்பனோடு இருக்க இத்தனை சட்டம் செய்த நாட்டில், பாட்டன் பாட்டி பிள்ளையோடு இருக்க மட்டும் 90 நாள் முத்திரைதான். அவர்கள் கணக்கில் குடும்பம் என்பது நான்கு பேரோடு முடிகிறது. ஷிபோல் விமான நிலையத்தில் விடைபெறும்போது என் மனைவி அழுதாள். நான் பாஸ்போர்ட்டைத் தேடுவதுபோல் பையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

போன ஜூலையில், கோடை விடுமுறைக்கு, அவர்கள் மூன்று வாரம் இங்கே வந்திருந்தார்கள். வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்த மகன், பழக்கத்தில், தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தான். என் மனைவி ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். நீ வைப்பா, இங்க வந்துமா இதெல்லாம், நான் பாத்துக்கறேன் என்றாள். என் தங்கை மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் ஒன்றும் பேசாமல் தட்டை வாங்கித் தேய்க்கப் போட்டாள். மறுநாள் அவன் தட்டை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் கேட்டான். ஆறு வருடம் அந்த நாட்டில் ராத்திரி பத்து மணிக்குத் துணி மடித்து வைத்தவன் அவன்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பண்பு என்பது அவனுக்குள் இருந்ததா, அந்தத் தாளில் இருந்ததா? அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, பிடுங்கியது நாங்கள். பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்ற பாசத்தில் பிடுங்கினோம். அந்தக் கஷ்டம் மருமகளின் கைக்குப் போனது எங்கள் பாசத்தின் கண்ணில் படவில்லை. கைக்குழந்தைக்குத் துணி மாற்ற அவள் மட்டும் ராத்திரியில் எழுந்துகொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தகப்பனிடம் பேரன் வந்து நின்றான். அப்பா, இன்னிக்கு உன் நாள் இல்லையா என்று கேட்டான். லீவுடா என்றான் மகன். அம்மாவுக்கும் லீவா என்று கேட்டான் அவன். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. திண்ணையில் நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இந்த ஜூலையிலும் வருகிறார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவளிடம் சொன்னேன், இந்த முறை அவன் தட்டை அவன் எடுத்தால் எடுக்கட்டும், நீ குறுக்கே போகாதே என்று. சரிங்க என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு முன்னால் இருந்த தட்டைப் பார்த்தபடி, இத யார் எடுக்கறது என்று கேட்டாள்.